வயிற்றுப் பையும் ஐந்து வேளைத் தொழுகையும்

எங்கள் தொழுகைக் கூடத்தில் ஜும்ஆ முடிந்ததும் பத்து நிமிடம் பேசும்படி நிர்வாகத்தினர் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: நோயும் பொறுமையும். ஆஸ்பத்திரியிலேயே தலை நரைத்தவன் நீ, உனக்குத் தெரியாததா என்றார்கள். நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பொறுமையைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் நின்று பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை, வேண்டுமானால் என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இதில் வருகிற பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடமோ அவர்கள் வீட்டாரிடமோ கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்பது படித்தால் புரியும்.

நான் காரைக்கால்காரன். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த குடும்பம் என்பதால் சின்ன வயதிலேயே பாரிஸ் வந்துவிட்டேன். முதலில் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளினேன், பிறகு நோயாளிகளைக் குளிப்பாட்டும் உதவியாளர், பிறகு இரவெல்லாம் படித்து நர்ஸ் பட்டயம். ஆம்பளை நர்ஸா என்று ஊரில் சிரித்தவர்கள் பிற்பாடு பிரஷர் பார்க்க என்னிடம்தான் கை நீட்டினார்கள். வயிறு, குடல் அறுவை வார்டில் பல வருடம் இருந்தேன். 2009 வாக்கில் அந்த வார்டில் ஒரு தனிப் பிரிவு வந்தது. புற்றுநோயால் குடலை வெட்டியவர்களில் சிலருக்கு மலம் வழக்கமான பாதையில் வராது. வயிற்றின் இடது பக்கம் ஒரு சின்ன வாய் வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பையோடு வாழக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

தலைமை நர்ஸ் மதாம் பெர்த்தியே. ஒல்லியான அம்மா, குட்டை முடி, குரல் உயர்த்தவே மாட்டார். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு பையை நீட்டுவார். உள்ளே தண்ணீரும் கொஞ்சம் தயிரும். அதை வயிற்றில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அதோடே சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், மெத்ரோவில் நெருக்கியடித்து வர வேண்டும். நானும் ஒட்டிக்கொண்டேன். அன்று அந்தி நேர மக்ரிபுக்குத் தொழுகைக் கூடம் போனபோது ருகூவில் குனிந்ததும் அது மடங்கியது, நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவில் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நசுங்கியது. வெறும் தண்ணீர்தான் என்று தெரிந்தும் ஓதுகிற சூரா மறந்துபோனது. மறுநாள் அதைச் சொன்னேன். மதாம் தலையை மட்டும் ஆட்டினார். "இனிமேல் உன் நோயாளிகளிடம் இது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டாய் அல்லவா?" என்று கேட்டார்.

பை மாற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. நோயாளியின் கண் மட்டத்துக்குக் கீழே, தாழ்வான முக்காலியில் உட்காருவார். தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, இப்போது தொடப்போகிறேன் என்று சொன்ன பிறகே தொடுவார். பழைய பையை மேலிருந்து கீழாக உரிப்பார். அப்போது இன்னொரு கை தோலை அழுத்திப் பிடித்திருக்கும், இழுபடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரால் மட்டும் கழுவுவார். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பார். குடல் வாயை அளந்து, புதுப் பையின் துளையை ஒரு நூல் பெரிதாக வெட்டுவார். ஒட்டுத் தகட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றி, கீழிருந்து மேலாக அழுத்தி ஒட்டுவார். வாடை வந்தால் முகம் மாறாது. நோயாளி இருக்கும்போது ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார். நாம் ஜன்னலைத் திறந்தால் அந்த மனுஷன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான் என்பார். நானும் கடைசிவரைக்கும் திறந்ததில்லை, ஆனால் மூச்சை அடக்கியிருக்கிறேன்.

பிரிவு தொடங்கிய புதிதில் எங்களிடம் வந்தவர்களில் ஒருவர் காசிம் ஹாஜியார். எங்கள் ஊர்க்காரர், தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தொழுகைக் கூடத்தின் தலைவர். கஞ்சி போட்ட ஜிப்பா, அத்தர், தோளில் சால்வை இல்லாமல் வெளியே வர மாட்டார். ஊரில் மகளைப் பார்க்கப் போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்து அறுவை செய்துகொண்டார். வார்டில் என்னைக் கண்டதும் அவர் முகம் கறுத்ததை மறக்க முடியாது. "நஸீரு, இது கபுருக்குப் போற வரைக்கும் நமக்குள்ள இருக்கட்டும்," என்றார். எங்கள் தொழிலில் அது சத்தியம் செய்து கேட்க வேண்டிய விஷயமே இல்லை, சட்டமே அதுதான். இருந்தாலும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவர் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் பாட்டுக்கு ஐந்து வேளைத் தொழுகை வக்துக்கும் வந்து முதல் வரிசையில் நின்றார்.

அந்த முதல் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் ராசிக் நானா. நானா என்றால் அண்ணன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்கிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்து முஸ்லிம். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில் ஒரு ஹலால் இறைச்சிக் கடையில் வேலை. அவர் கத்தி பிடிக்கிற அழகைப் பார்க்கவே பக்கத்து ரூ காய் தெருவில் மரக்கறி வாங்க வந்தவர்களும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பகிடி விடாமல் ஒரு கிலோ ஆட்டிறைச்சி நிறுக்க மாட்டார். ஹாஜியார் அவரோடு சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. அதிகாரியாக இருந்தவருக்கும் அகதியாக வந்தவருக்கும் நடுவில் ஸலாம் மட்டும்தான்.

சில வருடம் கழித்து ராசிக் நானாவுக்கும் அதே நோய் வந்தது. அதே அறுவை, அதே இடது பக்கம் பை. அறுவை நடந்தது ஊருக்கே தெரியும், பை இருப்பது தெரியாது. மூன்று வாரத்தில் எழுந்து தொழுகைக் கூடத்துக்கு வந்துவிட்டார். வேலைக்குப் போக அனுமதி இல்லாததால் ஒரு தொழுகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். இதுதான் ஸப்ர் என்கிற பொறுமை, இதுதான் ஈமான், தலைவலி வந்தாலே படுத்துக்கொள்கிற நமக்கெல்லாம் பாடம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்திலேயே அவரைக் காட்டிப் பேசினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கதை வேறு. அவருக்கு மருந்து ஏற்றும் சிகிச்சை தொடங்க வேண்டும். எடை இறங்கிக்கொண்டே போனதால் டாக்டர் தள்ளிப்போட்டார். மறுபடியும் தள்ளிப்போட்டார். இன்னும் தாமதித்தால் சிகிச்சையால் பலன் இருக்காது, இந்த உடம்போடு ஏற்றினால் மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று எங்களிடம் சொன்னார். நோய் திரும்பிவிட்டதோ என்று படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. மனச்சோர்வாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார்கள். நான் வாரம் ஒரு முறை அவரை வீட்டில் இருக்கச் சொல்லி, போய்த் தோலைப் பார்ப்பேன். நல்லாச் சாப்பிடுறன் தம்பி, உடம்பில ஒட்டுதில்லை என்பார். எனக்குள்ளே பயம் பிடித்துவிட்டது, ஒரு நாள் மதாமையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பாரிஸ் புறநகரான எபினே-சூர்-செய்னில் அவர் வீடு, மூன்றாம் மாடி. மதாம் முக்காலி கேட்டார், இல்லை என்றதும் பிள்ளைகள் விளையாடுகிற சின்ன ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பையைக் கழற்றினார். உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. தோல் குழந்தைத் தோல் மாதிரி சுத்தமாக இருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மதாமுக்கு இல்லை. கையைக் கழுவிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். நான் மொழிபெயர்த்தேன்.

"நேற்று உங்கள் கணவர் என்ன சாப்பிட்டார்?"

"அவர் கடையில சாப்பிடுறவர்தானே, தம்பி," என்றார் அவர் மனைவி பரீனா. "விடியச் சுபஹுக்குப் போனால் இராவைக்கு இஷா முடிஞ்சுதான் வருவார். வந்து கொஞ்சம் சோறு தின்பார். பகல் சாப்பாடு கடை முதலாளி குடுக்கிறாராம்."

அன்று மாலையே கடை இருக்கும் லா ஷப்பேல் பகுதிக்குப் போய் அந்த முதலாளியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ராசிக் நானா வீட்டில இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் வாறவர். இஞ்சை ஒரு பிளேன்டீ தவிர ஒண்டும் தொட மாட்டார். கையைக் காட்டி வேண்டாம் எண்டுவார்," என்றார் அவர்.

மறுநாள் மதாமிடம் சொன்னேன். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார். ராசிக் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொழுகிறார்? எங்கே? அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் நோன்பு இருக்கவில்லை. தொழுகை நேரத்தில் பை வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடந்தார். கடைசித் தொழுகை முடிந்து வீட்டுக்குப் போய் இரண்டு பிடி, அவ்வளவுதான்.

மறுபடி வீட்டுக்குப் போனேன், இந்தத் தடவை தனியாக. மறைக்க அவருக்கும் தெம்பு இல்லை.

"நானா, உங்களுக்குச் சலுகை இருக்கு," என்றேன். "வக்து வந்ததும் பையை மாத்தி, கை கால் கழுவி உளூச் செஞ்சு, உடனே தொழுதுடணும். நடுவுல அது வந்தாலும் தொழுகை கூடும், வீணாகாது. நம்ம கையில இல்லாததுக்கு அல்லாஹ் குத்தம் புடிக்க மாட்டான். நம்ம இமாம் ஹஜ்ரத்தைக் கேளுங்க."

"ஹஜ்ரத்திட்டக் கேட்டனான், தம்பி. பை எண்டு சொல்லேல்லை, ஒரு வருத்தக்கார நோயாளிக்கெண்டு கேட்டனான். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னவர். சட்டம் எனக்குத் தெரியும். அல்லாஹ் ஏத்துக்கொள்ளுவான், அதில எனக்குச் சந்தேகமே இல்லை."

"அப்புறம் என்ன?"

அவர் சட்டையை இழுத்துப் பையை மறைத்துக்கொண்டார். "அல்லாஹ் ஏத்துக்கொள்ளுவான். பக்கத்தில நிக்கிற மனுசன்? பச்சை வெங்காயம், உள்ளிப்பூண்டு திண்டிட்டுப் பள்ளிவாசலுக்கு வராதையுங்கோ எண்டு எங்கட நபி சொல்லியிருக்கிறாங்கள். உள்ளி மணத்துக்கே அப்பிடியெண்டால் நான் கொண்டு திரியிறது என்ன? ஹாஜியார் எவ்வளவு சுத்தமான மனுசன். அவருக்குப் பக்கத்தில நிக்கேக்க இது நிரம்பினால், அவர் மூக்கைப் பொத்தினால், பிறகு நான் எந்த முகத்தோட பாங்கு சொல்றது?"

"அப்ப வீட்டுல தொழுங்க, நோயாளிக்கு அதுவும் சலுகைதானே."

"ஊரை விட்டாச்சு, தொழிலும் போச்சு. அந்த வரிசையில ஒரு இடம்தான் மிச்சம். அதையும் விடச் சொல்றியோ?"

எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழக் கூடாதே என்று பையைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். அழுகையை விடக் கோபம்தான் அதிகம், அவர் மேல் இல்லை, எங்கள் எல்லார் மேலும். நாங்கள் ஸப்ர் ஸப்ர் என்று புகழப் புகழ மனுஷனால் வாய் திறக்க முடியாமல் போய்விட்டது. அய்யூப் நபி பொறுமைக்கே பேர் போனவர்கள், அவர்களே தம் வேதனையை ரப்பாகிய இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். நோய்க்கு மருந்தும் இறங்கியிருக்கிறது, தேடுங்கள் என்றும் நமக்குச் சொல்லியிருக்கிறது. இந்த உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், பட்டினி போட்டுக் கரைக்க நமக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் நான் அவரிடமும் சொன்னேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் எடை இன்னும் இறங்கியிருந்தது.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் யாரை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அந்த ஹாஜியார் வயிற்றிலும் இதே பைதான் இருக்கிறது. அதைச் சொல்லிவிடாமல் எழுந்து வந்தேன். மதாமிடம் போய், யார் என்று சொல்லாமல், இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள், ஒருவருடைய இரகசியம் இன்னொருவரைக் காப்பாற்றும் என்றேன்.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அந்த இரகசியம் உன் பொருளா?"

"இல்லை."

"இல்லாத பொருளை எப்படித் தானம் செய்வாய்? உடையவரிடம் போய்க் கேள். இவர் பெயரை அவரிடமும் சொல்லாதே. ஒருவர் கதவைத் திறக்க இன்னொருவர் சாவியைத் திருடக் கூடாது."

ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். "நம்ம ஜனங்கள்ல ஒருத்தர் உங்க நிலைமையில இருக்கார். நீங்க ஒரு வார்த்தை பேசினா பொழச்சுக்குவார். யாருன்னு அவர் சம்மதிச்ச பிறகு சொல்றேன்," என்றேன்.

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "தம்பி, எம் மவனுக்கே தெரியாது. இத வெளிய சொல்லிட்டு நான் எப்படி அந்த வரிசையில நிப்பேன்? பணம் வேணும்னா தரேன், ஹஜ்ரத்த அனுப்பி துஆ செய்யச் சொல்றேன். இது மட்டும் கேக்காத."

ராசிக் நானாவிடம், பை வைத்தும் தொழுகிற ஒருவரைச் சந்திக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் தம்பி, நீயொருத்தன் அறிஞ்சதே போதும் என்றார். இரண்டு பேரும் ஒரே பயத்தைச் சுமந்துகொண்டு தினம் ஐந்து வேளை தோளோடு தோள் உரசி நின்றார்கள். நான் பின்வரிசையில் நின்று அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தபடி தொழுதேன். அந்த நாட்களில் என் தொழுகை கூடியதா என்பதும் சந்தேகம்தான்.

பிறகு ஒரு மக்ரிப். தொழுகை தொடங்க ராசிக் நானா இகாமத் சொன்னபோதே குரல் கம்மியிருந்தது. இரண்டாவது ரக்அத்தில் ஸஜ்தாவிலிருந்து எல்லாரும் எழுந்தோம், அவர் எழவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தார். ஹாஜியார் தொழுகையை முறித்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். நானும் முறித்துக்கொண்டு ஓடினேன். பிடித்த ஹாஜியாரின் கை இடது பக்கம் அப்படியே நின்றதைப் பார்த்தேன். துணிக்கு மேலிருந்து தொட்டால் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. ஹாஜியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோளிலிருந்த சால்வையை உருவி ராசிக் நானாவின் இடுப்பு மறையப் போர்த்தினார்.

புத்தகங்கள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாடி பார்த்தேன், காலை உயர்த்தி வைத்தேன், அவசர ஊர்திக்குச் சொல்லச் சொன்னேன். சர்க்கரைத் தண்ணீரால் உதட்டை நனைத்ததும் கண் திறந்தார். திறந்ததும் கை இடது பக்கம் போனது, சால்வையைத் தொட்டுப் பார்த்து யாருடையது என்று புரிந்ததும் முகம் செத்துப்போனது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஹாஜியார். உங்கட சால்வை," என்றார்.

தொழுகையை முறித்து வந்த நாலைந்து பேர் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நஸீரு, கதவச் சாத்து," என்றார் ஹாஜியார்.

சாத்தினேன். முழங்கால் வலிக்கிற மனுஷன், புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"ராசிக், எத்தன காலமா எம் பக்கத்துல நிக்கிறே?"

"கனகாலம்."

"ஒரு நாளாவது எங்கிட்ட வாட அடிச்சிருக்கா? உள்ளதச் சொல்லு."

"என்ன கதை இது, ஹாஜியார். உங்களிட்ட அத்தர் மணம்தானே."

ஹாஜியார் அவர் கையை எடுத்தார். தன் ஜிப்பாவுக்குள்ளே விட்டு, இடது பக்கம், வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். ராசிக் நானாவின் விரல்கள் ஒரு தடவை அசைந்தன, பிறகு அப்படியே இருந்தன. வெளியே இமாம் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், எனக்கும்தான்.

கடைசியில் ராசிக் நானாதான் கேட்டார். "நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

"எல்லாந்தான். காலைல ரொட்டியும் முட்டையும். மத்தியானம் சோறு, மீன் ஆணம். ராத்திரிக்கு இடியாப்பம், இறைச்சி இருந்தா இறைச்சி. ஒம் கடை இறைச்சிதான்."

"தொழப் போக முதலுமோ?"

"தொழப் போறதுக்கு முன்னாடியும்தான்."

ராசிக் நானா கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எனக்குச் சரியான பசி," என்றார்.